உப்பில்லாமல் ரியாக்டிவ் டையிங்: கேட்டயனைசேஷனா, லோ-சால்ட் டையா, இல்லை இருக்கிற மெஷினையே சரிசெய்வதா?

நொய்யல்_நீர்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து திருப்பூரில் பேச்செல்லாம் சுத்திகரிப்பைப் பற்றித்தான். ஆர்ஓ எத்தனை ஸ்டேஜ், எவாப்பரேட்டர் எத்தனை எஃபெக்ட் (ஆவியாக்கும் அடுக்கு), விறகு டன் என்ன விலை. எவாப்பரேட்டரில் வற்றவைத்து எடுக்கிற உப்பை நாமேதான் மூட்டை பிரித்து மெஷினில் கொட்டுகிறோம் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பசுமை வேதியியல் என்று மேடையில் முழங்குவதை நம் தொழிலில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் பதில் சாயத்தொட்டி. குழாயின் கடைசி முனை அல்ல.

ஒரு கணக்கு. 300 கிலோ சிங்கிள் ஜெர்சி (பனியன் துணி), ரியாக்டிவ் டை (பஞ்சோடு வேதிப்பிணைப்பில் சேரும் சாயம்) துணி எடையில் 4%, டார்க் ஷேடு, சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 1:6, அதாவது கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர்.

தொட்டித் தண்ணீர் 1,800 லிட்டர். உப்பு லிட்டருக்கு 80 கிராம், ஆக 144 கிலோ. சாயம் பஞ்சோடு பிணைய ஆல்கலியாகச் சோடா ஆஷ் 20 கிராம், ஆக 36 கிலோ. டை 12 கிலோ. 70% பிடித்தால் துணியில் நிற்பது 8.4 கிலோ, மீதி 3.6 கிலோ ஹைட்ரலைஸ் ஆகி (பஞ்சுக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து) சாக்கடைக்கு.

அதாவது 8.4 கிலோ சாயத்தை நூலில் ஒட்டவைக்க 180 கிலோ உப்பும் சோடாவும். இரண்டும் துணியில் ஒரு கிராம்கூட நிற்கப்போவதில்லை. பிளீச்சிங், வாஷ் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் மொத்தக் கழிவுநீர் 15,000 லிட்டர். அதில் இந்த 180 கிலோவைக் கரைத்தாலே டிடிஎஸ் (கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு) லிட்டருக்கு 12,000 மி.கி. ஆற்றில் விட அனுமதிக்கும் வரம்பு 2,100.

உப்பு ஏன் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சும் தண்ணீரில் எதிர்மின், சாயமும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயனி நடுவில் நின்று அந்தத் தள்ளலை அடக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அதைக் குறைக்க மூன்று வழி பேசப்படுகிறது: பஞ்சின் மின்னூட்டத்தையே மாற்றுவது (கேட்டயனைசேஷன்), சாயத்தை மாற்றுவது (லோ-சால்ட் டை), தண்ணீரைக் குறைப்பது. நடைமுறையில் எது நிற்கும்? பிரசன்டேஷன் ஸ்லைடு வேண்டாம், தொட்டியில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

லேப்_டிப்

கேட்டயனைசேஷனில் இருந்து தொடங்குகிறேன். எல்லோரும் இதைத்தான் 'உப்பே வேண்டாம்' என்று விற்கிறார்கள்.

வேலை செய்யும், சந்தேகமில்லை. சிஎச்பிடிஏசி என்ற வேதிப்பொருளின் 65% கரைசல், காஸ்டிக் சோடாவோடு கலந்து பேடிங் போட்டு (துணியைக் கரைசலில் முக்கி ரோலர்களுக்கு நடுவே பிழிந்து), பாலித்தீன் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் பஞ்சில் நிரந்தர நேர்மின் வந்துவிடும். பிறகு உப்பில்லாமலே டை முழுக்க ஏறும். தொட்டித் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். டெமோவில் காட்டுவது அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான்.

டெமோவில் காட்டாதவை இவை:

டை ஏறும் வேகம் கைமீறிப் போகும். 60 டிகிரியில் டையை ஊற்றினால் முதலில் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். சாதாரணப் பஞ்சில் டை நகர்ந்து சமமாகும், இதில் அயனிப் பிணைப்பு விடாது. அதனால் குளிர்ந்த தண்ணீரில் தொடங்கி, டையை 30-40 நிமிடம் கொஞ்சங்கொஞ்சமாக டோஸிங் செய்து, சூட்டை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்ற வேண்டும். அப்படியும் நூலின் மேற்புறம் மட்டும் ஏறி உள்ளே வெளுத்திருக்கும், வெட்டிப் பார்த்தால் வளையம் தெரியும்.

கேட்டயனைஸ் செய்ததே சமமாக இல்லையென்றால் அந்தப் பிசகு டையில் அப்படியே தெரியும். பேடிங்கில் ரோலர் அழுத்தம் ஓரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் ஓரம் வேறு ஷேடு.

ஷேடு முழுக்க மாறும். பழைய லேப் டிப் (ஆய்வகச் சாய மாதிரி) ரெசிபி எதுவும் செல்லாது, கேட்டயனைஸ் செய்த துணியிலேயே எல்லா டிப்பும் புதிதாகப் போட வேண்டும். லைட் ஃபாஸ்ட்னஸ் (வெளிச்சத்தில் வெளிறாத தன்மை) அரை முதல் ஒரு கிரேடு விழுவது சகஜம்.

கடைசியாக, ஹைட்ரலைஸ் ஆன டையும் அயனிப் பிணைப்பில் துணியிலேயே தங்கும். தண்ணீர் தெளிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'சோடா கூட வேண்டாம்' என்று சிலர் சொல்வதை நம்பி ஆல்கலி போடாமல் விட்டால் கோவாலன்ட் பிணைப்பே உருவாகாது. வாஷ் ஃபாஸ்ட்னஸ் (துவைத்தால் சாயம் போகாத தன்மை) அப்போது அந்த அயனிப் பிடியை மட்டும் நம்பி நிற்கும்.

மூலக்கூறு

லேப்_டிப் சொன்னது தொழில் கோணம். வேதியியல் கோணத்தில் எனக்குள்ள ஆட்சேபணை இன்னும் பெரிது.

சிஎச்பிடிஏசி எங்கிருந்து வருகிறது? எபிகுளோரோஹைட்ரினும் டிரைமெத்தில் அமீனும் சேர்ந்து. காஸ்டிக் பட்டவுடன் அது எபாக்சைடாக மாறுகிறது, பஞ்சோடு வினைபுரிவது அந்த எபாக்சைடுதான். ஐரோப்பிய வகைப்பாட்டில் மூலப்பொருள் புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது, எபாக்சைடு அதற்கும் மேல் படியில். பேடிங் தொட்டியருகே மீன் நாற்றம் அடித்தால் டிரைமெத்தில் அமீன் பிரிகிறது என்று அர்த்தம்.

வினை எல்லாமே பஞ்சோடு நடப்பதும் இல்லை. ஒரு பங்கு எபாக்சைடு தண்ணீரோடு வினைபுரிந்து, பஞ்சோடு சேராத டையாலாக (diol) மாறி வீணாகும். பேடிங்கில் தண்ணீர் குறைவு, அதனால் இழப்பும் குறைவு. சாஃப்ட் ஃப்ளோவிலேயே எக்ஸாஸ்ட் முறையில் (நிறையத் தண்ணீரில் துணியை ஓட்டி) செய்கிறேன் என்று இறங்கினால் பெரும்பகுதி இப்படி வீணாகிக் கழிவுக்குத்தான் போகும். உப்பைக் குறைத்து நைட்ரஜனை ஏற்றியதாக முடியும்.

பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 1998-ல் வகுத்த 12 கோட்பாடுகளில் முதலாவது, கழிவு வந்தபின் சுத்திகரிக்காதே, வராமல் செய் என்பது. கேட்டயனைசேஷன் ஆட்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எட்டாவதைப் படிக்க மாட்டார்கள்: தேவையில்லாத இடைநிலை வினைகளைத் தவிர். சாயம் ஏற்றுவதற்காகப் பஞ்சையே முதலில் ஒரு வினைக்கு உட்படுத்துவது அந்த வகைதான். மூன்றாவதும் இருக்கிறது, நச்சுப்பொருளைப் பயன்படுத்தாதே என்று. சோடியம் சல்ஃபேட் உப்பு நதியைக் கெடுக்கும், உண்மை. ஆனால் அதைக் கையில் அள்ளுகிற தொழிலாளிக்கு ஒன்றும் ஆகாது.

கேட்டயனைசேஷனே கூடாது என்று சொல்லவில்லை. மூடிய டோஸிங், பேட்-பேட்ச், நல்ல காற்றோட்டம், இதெல்லாம் உள்ள பெரிய யூனிட்டில் செய்யலாம். பேரலை வாளியில் சாய்த்து ஊற்றும் இடத்தில் அதற்குப் 'பசுமை' என்று பெயர் வைக்காதீர்கள்.

பாய்லர்_பாண்டி

எல்லாம் சரிங்க. திருப்பூர்ல முக்காவாசி யூனிட் ஜாப் ஒர்க். கிலோவுக்கு ரேட்டு பேசி எடுக்கறோம். டை எந்தக் கம்பெனினு பையரே நாமினேட் பண்ணிடறாங்க. பேடிங் மாங்கிள் வாங்க இடமும் இல்ல, காசும் இல்ல. இருக்கற அஞ்சு சாஃப்ட் ஃப்ளோவ வச்சு நாளைக்கே செய்யற மாதிரி என்ன இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல.

நொய்யல்_நீர்

நியாயமான கேள்வி பாண்டி அண்ணா. கவர்ச்சியில்லாத விஷயங்கள்தான், ஆனால் எடை இதில்தான் இருக்கிறது.

முதலில் தண்ணீர் அளவு. உப்பை லிட்டர் கணக்கில் போடுகிறோம், துணி கணக்கில் அல்ல. அதே 300 கிலோவை 1:8-ல் ஓட்டினால் 2,400 லிட்டர், 192 கிலோ உப்பு. 1:6-க்கு வந்தால் 144. ரெசிபியில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் 48 கிலோ மிச்சம். பல இடங்களில் மெஷின் பலகையில் 1:6 என்று இருக்கும். ஆபரேட்டர் துணி முடிச்சுப் போடும் என்று பயந்து கூடுதலாகத் தண்ணீர் விட்டிருப்பார். லெவல் கண்ணாடியை நம்பாமல் ஃப்ளோ மீட்டர் வைத்து அளங்கள். பாதி லோடு போட்டு ஓட்டும்போது இன்னும் மோசம், 300 கிலோ மெஷினில் 150 கிலோ போட்டாலும் குறைந்தபட்சத் தண்ணீர் வேண்டும், விகிதம் 1:10-ஐத் தாண்டிவிடும். லாட் பிளானிங்கை மெர்ச்சண்டைசர் கையில் விடாதீர்கள்.

இரண்டு, ஆல்கலி. 20 கிராம் சோடாவுக்குப் பதில் 5 கிராம் சோடா, பிறகு 1 முதல் 1.5 கிராம் காஸ்டிக். 1,800 லிட்டருக்கு 36 கிலோ போன இடத்தில் 12 கிலோவுக்குள் முடிந்துவிடும். பிஹெச் 10.8-லிருந்து 11.2-க்குள் நிற்க வேண்டும். காஸ்டிக்கைக் கையால் ஊற்றக் கூடாது. சோடா முதலில் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, டோஸிங் டேங்க்கில் நன்றாகக் கரைத்து, மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் வேகமெடுக்கும் வளைவில், 30 நிமிடம். ஒரே ஊற்றாக ஊற்றினால் அந்த இடத்தில் பிஹெச் 12-க்குப் போய் வினைல் சல்ஃபோன் டை துணியைத் தொடும் முன்பே ஹைட்ரலைஸ் ஆகும். ஷேடு வெளிறும், ஆபரேட்டர் 'டை சரியில்லை' என்பார்.

மூன்று, எந்த உப்பு. கிளாபர் உப்பு படிகமாக வருவதில் 56% தண்ணீர். 144 கிலோ உலர் சல்ஃபேட்டுக்குச் சமம் 326 கிலோ படிகம். சப்ளையர் மாறும்போது இதைக் கவனிக்காமல் கிராம் கணக்கை அப்படியே வைத்தால் ஷேடு பாதியில் நிற்கும். உடனே டாப்பிங் (மேலும் சாயம் சேர்ப்பது), அதற்கு மேல் இன்னும் உப்பு.

நான்காவது ரீ-டையிங். இதுதான் பெரிய ஓட்டை. ஒரு லாட் ஃபெயிலானால் ஸ்ட்ரிப்பிங்குக்கு (ஏறிய சாயத்தை உரிக்க) ஹைட்ரோவும் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) காஸ்டிக்கும், அதன்பின் மறுபடி 180 கிலோ. நூறு லாட்டில் இருபது திரும்பி வரும் யூனிட், அதை ஐந்தாகக் குறைத்தால் 15 × 180, அதாவது 2,700 கிலோ உப்பும் சோடாவும் மிச்சம். புது டை வாங்காமல், புது மெஷின் வாங்காமல்.

மெம்பரேன்

நொய்யல்_நீர் கணக்கை நான் சுத்திகரிப்புப் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். 'சராசரி 12,000 டிடிஎஸ்' என்று எழுதினீர்கள். அந்தச் சராசரியை உருவாக்குவதே தவறு. எல்லாத் தண்ணீரையும் ஒரே கிடங்கில் கலந்துவிட்டுப் பிறகு ஆர்ஓ வைத்துப் பிரிக்கிறோம். கலக்காமல் விட்டால் என்ன?

டையிங் முடிந்து டிரெயின் செய்யும்போது 1,800 லிட்டரும் வெளியே வராது. நிட் துணி கிலோவுக்கு இரண்டரை லிட்டர் பிடித்துக்கொள்ளும் என்று வைத்தால் 750 லிட்டர் துணியிலேயே நிற்கும். வெளியே வருவது 1,050 லிட்டர், அதில் 84 கிலோ உப்பு. பாக்கி 60 கிலோ துணியோடு மெஷினில்.

மறுபடி 1,800-க்கு நிரப்பினால் செறிவு 33 கிராம். டிரெயின் செய்தால் அதே 1,050 லிட்டர், அதில் 35 கிலோ.
அடுத்த ரின்ஸ்: 14 கிராம்.
அடுத்தது: 6.
அடுத்தது: 2.4.

டை பாத், முதல் ரின்ஸ் இரண்டையும் சேர்த்தால் 2,100 லிட்டர். போட்ட 144-ல் 119 கிலோ அதில் வந்துவிட்டது. 15,000 லிட்டரில் ஏழில் ஒரு பங்கு தண்ணீர், உப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல்! இந்த 2,100 லிட்டரை மட்டும் தனிக் குழாயில் எடுத்து, நிறம் நீக்கி, நானோ ஃபில்ட்ரேஷன் வழியாகவோ வேறு முறையிலோ பிரைனாக (உப்புக் கரைசலாக) மீட்டு, திரும்ப டையிங்குக்கே கொடுக்கலாம். மிச்ச 12,900 லிட்டரில் உப்பு கிட்டத்தட்ட 2,000-க்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதன் மேல் சோடா பாக்கி, பிளீச்சிங் கழிவு. அது ஆர்ஓ-வுக்கு விளையாட்டு. எவாப்பரேட்டருக்குப் போவது சுருங்கும், நாலு எஃபெக்ட் எவாப்பரேட்டர்கூட ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க கால் டன்னுக்கு மேல் நீராவி கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

தேவையானது மெஷினுக்கு இரண்டு டிரெயின் வால்வு, உப்புச் செறிவைக் காட்ட ஒரு கன்டக்டிவிட்டி (மின்கடத்தல்) சென்சார். டைமரில் விடாதீர்கள். டைமரில் விட்டால் ஆபரேட்டர் ஓவர்ஃப்ளோ ரின்ஸ் கொடுத்து 33 கிராமை 5 கிராமாக்கி அதையும் உப்புக் குழாயில் அனுப்பிவிடுவார், பிரைன் டேங்க் நிரம்பி வழியும். ஓவர்ஃப்ளோ வேண்டாம், ஃபில்-டிரெயின் மட்டும்.

இன்னொன்று. சூடான சோப்பிங்குக்கு முன் உப்பு 2 கிராமுக்குக் கீழே வந்தாக வேண்டும். உப்பு இருக்கும்வரை ஹைட்ரலைஸ் ஆன டை துணியைவிட்டு வராது. 6 கிராமிலேயே சோப்பிங் போட்டுவிட்டு 'சோப்பிங் ஏஜென்ட் சரியில்லை' என்று டோஸை ஏற்றுவதைப் பார்க்கலாம். அந்த சோப்பு அத்தனையும் எங்களுக்கு சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு).

பி.டெக்_மூன்றாம்_வருஷம்

வணக்கம். டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படிக்கிறேன். இரண்டு சந்தேகம். இயற்கைச் சாயத்துக்கே போய்விட்டால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லையே? அடுத்தது, தண்ணீரே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடில் டையிங் செய்வதாக வகுப்பில் சொன்னார்கள். அது ஏன் இங்கே வரவில்லை?

மூலக்கூறு

தம்பி, இரண்டாவதற்கு முதலில். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 74 பார் தாண்டினால் சூப்பர் கிரிட்டிக்கல் நிலைக்குப் போகும், கரைப்பான்போல வேலை செய்யும். பாலியஸ்டருக்குச் சுமார் 120 டிகிரி, 250 பாரில் ஓட்டுகிறார்கள். நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் அந்த மெஷினை வணிகமாகவே கொண்டுவந்தது. ஆனால் அதில் கரைவது பாலியஸ்டருக்கான டிஸ்பெர்ஸ் டை. ரியாக்டிவ் டை உப்பு வடிவம், கரையாது. பஞ்சும் அதில் உப்பி விரியாது. இங்கே ஓடுவது காட்டன் பனியன்.

இயற்கைச் சாயம்: பஞ்சில் தானாகப் பிடிப்பவை மிகக் குறைவு. மஞ்சிட்டிக்குக் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். படிகாரம் துணி எடையில் 10 முதல் 20%, அதில் துணியில் நிற்பது கொஞ்சம், மீதி அலுமினியம் சல்ஃபேட்டாகக் கழிவில். ஷேடை அடர்த்தியாக்க காப்பர் சல்ஃபேட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் கழிவு வராது என்றில்லை. கைத்தறிக்கும் சிறு அளவுக்கும் அதற்கு இடம் உண்டு. நாளைக்குப் பல டன் ஓட்டும் யூனிட்டுக்கு அது விடையல்ல. இந்த இழையில் இதோடு விடலாம்.

பெருந்துறை_பேட்ச்

பேடிங் மாங்கிள் பேச்சு வந்ததால். உப்பில்லாத முறை முப்பது நாற்பது வருஷமாக நம்மிடமே இருக்கிறது: கோல்ட் பேட் பேட்ச். ஓவன் (woven, நெசவு) துணியில் சர்வசாதாரணம், நிட்டில்தான் (பின்னல் துணி) தயக்கம்.

உப்பு பூஜ்யம். பிக்கப் (துணி எடையில் அது உறிஞ்சும் கரைசல்) 70-80%, அதாவது 300 கிலோ துணிக்கு 240 லிட்டர் டை கரைசல்தான். டையும் ஆல்கலியும் தனித்தனி டேங்க், 4:1 டோஸிங் பம்ப் வழியாகத் தொட்டியில்தான் சந்திக்க வேண்டும். முன்கூட்டிக் கலந்துவிட்டால் ஹைட்ரலைஸ் ஆகி ரோலின் தலைக்கும் வாலுக்கும் ஷேடு வேறாகும். பேடிங் முடிந்ததும் பிலிம் சுற்றி, 12 முதல் 16 மணி நேரம் மெதுவாகச் சுழலவிட வேண்டும். சுழலாவிட்டால் கரைசல் அடியில் இறங்கிக் கறையாகும். பிறகு வாஷ்.

நிட்டில் எங்கே அடி வாங்கும் என்றால்: ஓப்பன் விட்த்தில் (விரித்து ஓட்டினால்) சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருளும், சுருண்ட இடத்தில் இரட்டை அடுக்காக ரோலர் அழுத்தும். ஓரத்துக்குக் கம் போட்டு காயவைக்க வேண்டும், இல்லை விரிப்பான் ரோலர் நல்லதாக வேண்டும். டியூபுலராக (குழாய் வடிவில்) ஓட்டினால் இரண்டு பக்கமும் மடிப்புக் கோடு. லைக்ரா கலந்ததில் டென்ஷன் கட்டுப்பாடு தப்பினால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) போய்விடும்.

யாரும் சொல்லாதது துணிச் சூடு. ஸ்டென்டரிலிருந்து (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) வந்த துணியை அப்படியே பேடிங்குக்கு விட்டால் தொட்டி சூடாகும். ஏப்ரல் மே மாதத்தில் ஷெட்டுக்குள் 38 டிகிரி. கரைசல் 20-25 டிகிரியில் நிற்க சில்லர் வேண்டும், துணி 30-க்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாமல் கோடையில் பேட்ச் ஓட்டினால் காலை லாட்டும் மதிய லாட்டும் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது.

மெம்பரேன்

பெருந்துறை சார், உங்கள் முறையில் எனக்கு ஒரே பகை, சோடியம் சிலிகேட். ஆல்கலியோடு லிட்டருக்கு 70-100 மில்லி சிலிகேட் ஊற்றுகிறீர்கள். உயர் பிஹெச்சில் கரைந்து வரும், எங்களிடம் பிஹெச்சை இறக்கியதும் சிலிக்கா. சாதாரண பிஹெச்சில் லிட்டருக்கு 120-150 மி.கி.க்கு மேல் கரையாது. ஆர்ஓ செறிவூட்டும்போது மெம்பரேன் மேலேயே கண்ணாடி மாதிரிப் படியும். கால்சியம் படிவு என்றால் அமிலத்தில் போகும், சிலிக்கா போகாது. மெம்பரேனையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்க மீட்பது) இல்லாத ஊரில் எழுதிய ரெசிபியை இங்கே அப்படியே கொண்டுவந்தால் இதுதான் கதி.

கேட்டயனிக் (நேர்மின்) ஃபிக்ஸர், கேட்டயனிக் சாஃப்ட்னர் இரண்டுக்கும் இதே புகார். பாலிஅமைடு மெம்பரேன் எதிர்மின், இவை போய் ஒட்டிக்கொள்ளும்.

பெருந்துறை_பேட்ச்

ஒத்துக்கொள்கிறேன். சிலிகேட் இல்லாமல் சோடா-காஸ்டிக் கலவையில் ஓட்டலாம். சிலிகேட் இரண்டு வேலை செய்கிறது: பிஹெச்சைத் தாங்கிப் பிடிப்பது, ரோல் ஓரத்தைக் காற்றிலிருந்து காப்பது. அது இல்லையென்றால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஓரத்து ஆல்கலியைத் தின்றுவிடும், காலையில் பார்த்தால் இரண்டு ஓரமும் வெளிறியிருக்கும். பிலிமை ரோலின் இரு பக்கமும் மடித்து டேப் ஒட்டி இறுக்கமாக மூட வேண்டும். பாய்லர் புகை, அமில வாடை வரும் இடத்தில் ரோலை நிறுத்தக் கூடாது. யூரியாவும் போடாதீர்கள், கரையாத டையென்றால் டையை மாற்றுங்கள்.

லேப்_டிப்

உப்பை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருவோம். சாயத்துக்கு முந்தின கட்டத்தில் பசுமை வேதியியல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது, யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை.

பெராக்சைடு கில்லிங் (பிளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடை நீக்குவது): முன்பு தயோசல்ஃபேட். இப்போது கேட்டலேஸ் என்சைம். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது, தான் தீர்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கிறது. வினையூக்கி என்ற ஒன்பதாவது கோட்பாட்டுக்குப் பாடப்புத்தக உதாரணம். 40-50 டிகிரி, பிஹெச் 6.5-7.5, பத்துப் பதினைந்து நிமிடம். டிரெயின் செய்யாமல் அதே தண்ணீரில் டையிங் தொடங்கலாம். இரண்டு ரின்ஸ் மிச்சம், மெம்பரேன் கணக்குப்படி 2,100 லிட்டர்.

பயோ ஸ்கவரிங் (பஞ்சின் இயற்கை அழுக்கை என்சைமால் நீக்குவது): பெக்டினேஸ், 55-60 டிகிரி, பிஹெச் 8 முதல் 9. டார்க் ஷேடுக்குத் தாராளமாகப் போதும். வெள்ளைக்கும் லைட் ஷேடுக்கும் ஆகாது, பருத்திக்கொட்டைத் தோல் துணுக்கு அப்படியே நிற்கும். என்சைம் வேலை முடிந்தபின் 80 டிகிரிக்கு ஏற்றி வெட்டிங் ஏஜென்டோடு மெழுகை இறக்க வேண்டும், இல்லையென்றால் சொட்டு டெஸ்ட்டில் தண்ணீர் முத்தாக நிற்கும். இங்கே பலர் செய்யும் காரியம், வழக்கமாகப் போடும் சீக்வெஸ்டரிங் ஏஜென்டையும் சேர்த்துப் போடுவது. இந்த என்சைமுக்கு கால்சியம் அயனி வேண்டும். சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் அதைத்தான் பிடுங்கும். என்சைமுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் கொல்லவும் காசு கொடுத்த மாதிரி.

நியூட்ரலைசேஷன்: அசிட்டிக்குக்குப் பதில் ஃபார்மிக். ஒரே அளவு ஆல்கலியை நடுநிலையாக்க 60 கிராம் அசிட்டிக் வேண்டிய இடத்தில் 46 கிராம் ஃபார்மிக். சிஓடி அசிட்டிக்கில் 64 கிராம், ஃபார்மிக்கில் 16. நாலில் ஒரு பங்கு. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு சுலபமாக இவ்வளவு சிஓடியைக் குறைக்காது.

பாய்லர்_பாண்டி

ஃபார்மிக் தோல்ல பட்டா கொப்புளம் போடுமுங்களே? அப்புறம் கேட்டலேஸ் நாங்க போட்டுத்தான் இருக்கறோம், ஆனா சில லாட்ல டை பாதி வெளிறி வருது. பெர்மாங்கனேட் சொட்டு டெஸ்ட்ல ஒரு நாளைக்கு ஒரு மாதிரி காட்டுது.

லேப்_டிப்

போடும். அடர் ஃபார்மிக்கை வாளியில் எடுக்கவே கூடாது. 85% பேரலிலிருந்து கைபம்ப், முகக்கவசம், நைட்ரைல் அல்ல பியூட்டைல் ரப்பர் கையுறை, பக்கத்திலேயே கண் கழுவும் குழாய். பேரல் மூடியில் காற்றுப் போக வழி இருக்கணும், வெயிலில் வைத்தால் மெல்ல உடைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். இதற்கு ஏற்பாடு செய்ய முடியாதென்றால் அசிட்டிக்கிலேயே இருங்கள், தப்பில்லை.

கேட்டலேஸ் தோற்பதற்கு முக்கால்வாசி காரணம் துணிக்குள் இருக்கும் காஸ்டிக். தொட்டித் தண்ணீரில் பிஹெச் 7 காட்டும், துணி நடுவில் 9-க்கு மேல் இருக்கும். என்சைம் போட்ட ஐந்து நிமிடத்தில் அது வெளியே வந்து என்சைமை முடக்கும். துணியைப் பிழிந்து, அந்த ஈரத்தில் இண்டிகேட்டர் விட்டுப் பாருங்கள். அடுத்த காரணம் சூடு, பிளீச் பாத் வடிந்ததும் துணி 70 டிகிரியில் இருக்கும்போதே ஊற்றுவது.

பெர்மாங்கனேட் டெஸ்ட்டை விடுங்கள். நிறம் மறைந்தால் பெராக்சைடு இருக்கிறதென்று நினைக்கிறோம், மிச்ச தயோசல்ஃபேட் இருந்தாலும் மறையும். பெராக்சைடு ஸ்ட்ரிப் வாங்குங்கள். 5 பிபிஎம்முக்குக் கீழே வந்த பின்தான் டை.

நொய்யல்_நீர்

லோ-சால்ட் டை பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாக நானே. ஒரு ரியாக்டிவ் தொகுதிக்குப் பதில் இரண்டு மூன்று வைத்தால் ஒன்று ஹைட்ரலைஸ் ஆனாலும் இன்னொன்று பிடிக்கும். ஹன்ட்ஸ்மன் கொண்டுவந்து இப்போது ஆர்க்ரோமா கையில் இருக்கும் அவிடெரா அந்த வகை, வாஷ் 60 டிகிரியிலேயே முடிகிறது. பிடிப்பு 70-லிருந்து 85%க்குப் போனால் நம் 12 கிலோவில் சாக்கடைக்குப் போவது 3.6-லிருந்து 1.8 கிலோ. உப்பு பூஜ்யம் ஆகாது, குறையும். கிலோ விலையை மட்டும் பார்த்தால் பர்ச்சேஸ் மேனேஜர் வாங்க மாட்டார். தண்ணீர், நீராவி, எவாப்பரேட்டர் விறகு, மெஷின் மணி நேரம் நாலையும் ஒரே தாளில் போட்டால்தான் கணக்கு திரும்பும். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கட்டணம் கனமீட்டருக்கு மட்டும் வசூலித்தால் உப்பைக் குறைத்தவருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது இதில் உள்ள கோளாறு. கன அளவோடு டிடிஎஸ்ஸுக்கும் சேர்த்து விலை வைக்காதவரை இந்த இழையில் பேசுவதெல்லாம் நல்லெண்ணத்தில் ஓட வேண்டியதுதான்.

பாய்லர்_பாண்டி

கடைசியா ஒண்ணு. மீட்டெடுத்த பிரைன் வருதுங்க, லிட்டருக்கு 80 கிராம் சரியா இருக்கு, பிஹெச்சும் 7. கறுப்பு, நேவி நல்லா வருது. டர்காய்ஸ் மட்டும் திட்டுத் திட்டா விழுது.

மெம்பரேன்

பிஹெச்சைக் குளிர்ந்த தண்ணீரில் பார்க்கிறீர்கள். பிரைனில் பைகார்பனேட் மிச்சம் இருக்கும். சூடேறியதும் கார்பன் டை ஆக்சைடு பறந்து கார்பனேட்டாகும், 7 இருந்தது 8.5, 9-க்கு ஏறும். சோடா போடும் முன்பே டை பிடிக்கத் தொடங்கிவிடும். டர்காய்ஸ் 80 டிகிரியில் ஓடுவது, மூலக்கூறும் பெரிது, பிடித்த இடத்திலிருந்து நகராது. அதனால் அதில்தான் முதலில் தெரியும். கறுப்பில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பீக்கர் பிரைனை 80 டிகிரிக்குச் சூடாக்கி, பத்து நிமிடம் விட்டு, ஆறவைத்துப் பிஹெச் பாருங்கள். ஏறியிருந்தால் மெத்தில் ஆரஞ்சு வைத்து ஆல்கலினிட்டி டைட்ரேட் செய்யுங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 500 மி.கி. வந்தால் 1,800 லிட்டருக்கு அடர் சல்ஃப்யூரிக் 0.9 கிலோ வேண்டும். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், சல்ஃபேட் பிரைனில் குளோரைடு சேர்ந்தால் எவாப்பரேட்டரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆகாது. அமிலத்தைத் தண்ணீரில் மெல்ல விட்டு நீர்த்தபின், பிரைன் டேங்க்கிலேயே பிஹெச் 4.5-க்கு இறக்கி, அரை மணி நேரம் காற்று ஊதி வாயுவை வெளியேற்றி, பிறகு துளி காஸ்டிக் விட்டு 6-6.5-க்குக் கொண்டுவாருங்கள். மெஷினுக்குள் வைத்து இதைச் செய்ய வேண்டாம், துணி இருக்கும். கூடவே ஹார்ட்னஸும் (தண்ணீரின் கடினத்தன்மை) பாருங்கள், 50-க்கு மேல் இருந்தால் சோடா விழுந்ததும் சுண்ணாம்பாகத் துணியில் படியும், டர்காய்ஸ் திட்டுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.